தார் பூசிய கோடு

மதுரையில் வேகத்தடையை முழுதாகப் புரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

என் பெயர் அசீம். சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம். கே.கே. நகரில் எங்கள் தெருவுக்குப் புதிதாகப் போட்ட வேகத்தடை வண்டிகளின் வேகத்தை எவ்வளவு மட்டுப்படுத்துகிறது என்பதுதான் என் புராஜெக்ட். போட்டவர் கொத்தனார் சிவபாண்டி அண்ணே. இரண்டு நாளாக ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்களே, அவர்தான். பத்து சென்டிமீட்டர் உயரம், பதமான சரிவு, மேலே வெள்ளைக் கோடுகள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

நோட்டும் கையுமாகத் தெருவில் நின்றால், அபராதம் போடுகிற ஆள் என்று நினைத்து எல்லோரும் மெதுவாகப் போனார்கள். அதனால் மொட்டைமாடிக்கு மாறினேன். தெருவில் இரண்டு சுண்ணாம்புக் குறி, ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஆகும் விநாடியை அளக்கக் கையில் போன். நாற்பதில் வருகிறவன் மேட்டில் பதினெட்டுக்கு இறங்கினான்.

கணக்கில் அடங்காதவர் எதிர்வீட்டு சீதாராமன் சார் மட்டும். ரிட்டையர்டு வாத்தியார். மேட்டுக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்துவார். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி பாகீரதி மாமி இறங்கி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டைத் தாண்டி நடப்பார். சார் வண்டியை ஏற்றி இறக்கி, அந்தப் பக்கம் மாமியை ஏற்றிக்கொள்வார். சாமி வாகனம் மாறுவதுபோல, தினமும் இரண்டு வேளை. கல்லூரி விழாவில் இதை நடித்துக் கைதட்டல் வாங்கினேன். மாமி காதுக்கும் போனது.

"நன்னா நடிக்கிறியாமே. எங்காத்துல வந்து ஒரு தடவை நடிச்சுக் காட்டேன்" என்றார். அப்புறம் சொன்னார்: "என் முதுகு ஒரு குலுக்கல் தாங்காதுடா. மாமாவுக்கோ கண்ல புரை. அந்த வெள்ளைக் கோடு தெரிஞ்சாத்தான் நிறுத்துவார்."

இது நடந்த வாரம் புராஜெக்ட் கைடு கேட்டார்: வேகத்தைக் குறைப்பது மேடா, கோடா? நியாயமான கேள்வி. ஒன்றை எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். மேட்டை எடுக்க முடியாது. ஞாயிறு மத்தியானம், தெரு கறிச்சோறு தின்றுவிட்டு உறங்கும்போது, கோடுகள்மேல் தார் பூசினேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஜாக்கிரதையாகிவிடுவார்கள், அப்புறம் என்ன ஆய்வு.

மறுநாள் பொழுது மங்கும் நேரம் சாரின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பியது. மாமி பூக்கூடையை மடியில் வைத்திருந்தார். மேட்டுக்கு ஒன்பது விநாடி. கூப்பிட நேரமிருந்தது. கூப்பிட்டால் பிரேக் பிடிப்பார், அளவு கெட்டுவிடும். இருபத்தாறு கிலோமீட்டர் வேகம். குறித்துக்கொண்டு, கையெழுத்து கோணலாக இருந்ததால் இன்னொரு முறை எழுதிவிட்டுத்தான் கீழே ஓடினேன்.

மாமி மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

சிவபாண்டி அண்ணே மட்டமான பெயிண்ட் அடித்ததால் கோடு அழிந்துபோனது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. நல்ல பெயிண்ட். மறைக்க எனக்கு இரண்டு பூச்சு தேவைப்பட்டது. அந்தப் பிழையைத் திருத்தத்தான் வந்தேன். அவரை விட்டுவிடுங்கள். மற்றபடி எனக்கு உறுத்தல் எதுவும் இல்லை.

பத்து மணிக்கு வருவதாகப் போனில் சொல்லியிருந்தேன். அம்மாவைப் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிவந்தேன். அந்த மேட்டுக்கு முன்னால் நிறுத்தினேன்.

"ஏண்டா, இங்கன இறங்கணுமா?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி நடந்தார். நான் வண்டியை ஏற்றி இறக்கி, அந்தப் பக்கம் காத்திருந்தேன்.

ஸ்டேஷன் வருவதற்குள் இன்னும் நான்கு மேடுகள் இருக்கின்றன ஐயா. தாமதத்துக்கு மன்னிக்கவும்.