என் அக்காளின் கண்ணும் நான் கட்டிய கயிறும்

அவைக்குத் தலைமை ஏற்று, பேசுவோர் பிழையைப் பொறுத்து அமர்ந்திருக்கும் பெரியவர் வல்லிநாயகம் அவர்களே; நாளைக் காலை முதல் இந்தப் பள்ளிக்கூடத்து அறைகளில் நடக்கும் கண் முகாமில் கத்தியும் கருணையுமாய் நிற்கவிருக்கும் கண் மருத்துவர் பால்வண்ணநாதன் அவர்களே; தென்காசியிலும் சுரண்டையிலும் வாசுதேவநல்லூரிலும் இருந்து வந்து குழுமியிருக்கும் சான்றோர்களே; இடம் போதாமல் நெருக்கி அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே; முகம் தெரியாமல் என் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் பார்வை மங்கிய பெரியோர்களே, உங்களுக்கே என் முதல் வணக்கம். மற்றவர்களுக்கு அடுத்த வணக்கம்.

என் பெயர் நம்பிராஜன். ஊர் சுரண்டை. முப்பது ஆண்டு போலீஸில் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்றவன். மேடைக்குக் கீழே காவல் நின்று நின்று, காதில் விழுந்து ஒட்டிக்கொண்ட தமிழ்தான் என் தமிழ். மேடை மேல் ஏறுவது இன்றுதான். எதற்காக ஏறினேன்? பெருமை பேசவா? பதக்கம் காட்டவா? இல்லை. எத்தனையோ பேரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய நான், இன்று நானாகவே ஏறியிருக்கிறேன்.

எனக்கு ஓர் அக்காள். பெயர் வடிவம்மாள். எனக்கு ஐந்து வயதில் எங்கள் தாய் இறந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு. அன்று முதல் எனக்கு உலை வைத்தவள் அவள். மணமுடித்துப் போய், பத்தொன்பது வயதில் தாலியறுத்துத் திரும்பி வந்து, மறுபடியும் எனக்கே உலை வைத்தவள். அவளுக்கு அறுபத்தொரு வயதானபோது, அதாவது இன்றைக்கு ஐந்து ஆண்டுக்கு முன்னால், அவள் மாறத் தொடங்கினாள்.

கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். எதிரில் வருகிறவரிடம் பேசாமல் நடந்தாள். குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டாள். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன், ஐயா. அன்று சிரித்ததற்குத்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

ஒருநாள் கொடியில் காய்ந்த என் வேட்டியைப் பார்த்து, "யாரோ நிக்கான், யாரோ நிக்கான்" என்று செம்பை எடுத்து எறிந்தாள். பிறகு உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். உண்ண மறுத்தாள். உறங்க மறந்தாள். கேட்டால் அழுதாள், கேட்காவிட்டாலும் அழுதாள். ஊர் என்ன சொன்னது? புத்தி பேதலித்துவிட்டது என்றது. நான் என்ன சொன்னேன்? ஊர் சொன்னதையே சொன்னேன்.

ஒருநாள் காலை கொல்லைக் கிணற்றை நோக்கி நடந்தாள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. இன்னும் இரண்டு அடி. என் மனைவி ஓடிப்போய்ச் சேலையைப் பிடித்து இழுத்தாள். அன்று மாலை, எனக்குச் சோறூட்டிய அந்தக் கையில் நான் கயிறு கட்டினேன். பயத்தில் கட்டினேன் என்று சொல்லிக்கொண்டேன். கட்டியது கட்டியதுதான்.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துப் பத்து நாள் அருவியில் நிறுத்தினால் பித்தம் தெளியும் என்றார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் ஆண்டுச் சாரலில் அழைத்துப் போனேன். பெண்கள் குளிக்கும் பக்கம் நான் போகலாமா? அங்கே பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் இசக்கியம்மாள் என்பவளிடம் கயிற்று நுனியைக் கொடுத்தேன். அவள் முதலில் அதை அவிழ்த்துப் போட்டாள். மூன்றாம் நாள் ஈரச் சேலையோடு என்னிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, இந்த ஆச்சிக்குப் புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் எண்ணெய்க் கிண்ணத்த நீட்டுதேன், அவுக ஒரு சாண் தள்ளித் தடவுதாக. மொகத்த வெளிச்சத்துல திருப்பிப் பாத்தேன். ரெண்டு கருமணியும் வெள்ளையாக் கெடக்கு. கண்ணுல பொறை விழுந்திருக்கு. எத்தன வருசமா நீங்க ஒரே வீட்டுல இருக்கிய?"

திருடனின் கண்ணைப் பார்த்தே திருட்டைச் சொல்வேன் என்று பேர் வாங்கியவன் நான். என் அக்காளின் கண்ணை நான் பார்க்கவில்லை.

திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அக்காள், "நீ கூப்பிடுத எடத்துக்கு இனி நான் வரமாட்டேன். இசக்கி வந்தா வாரேன்" என்றாள். முன்பின் அறியாத அந்த இசக்கியம்மாள், சீசன் வேலையைப் போட்டுவிட்டு வந்தாள்.

தூணோரம் நிற்கும் அண்ணாச்சி ஏதோ கேட்கிறார். வலிக்குமா என்கிறீர்களா? முதலில் ஊசி போடுவார்கள், அது கொஞ்சம் சுருக்கென்று வலிக்கும். பிறகு மரத்துப்போகும். அதற்குப் பின்தான் கஷ்டம். இரண்டு கண்ணையும் கட்டி, தலை அசையாமல் இருபுறமும் மணல் மூட்டை வைத்து, ஐந்து நாள் மல்லாந்தே கிடக்க வேண்டும். தெரியாமல் கை போய்க் கண்ணைத் தொட்டுவிடக் கூடாது என்று கையைக் கட்டிலோடு கட்டுவார்கள்.

அக்காளுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸம்மா துணியோடு வந்தார்கள். துணி மணிக்கட்டில் பட்டதும் என் அக்காள் கையை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். நான் சொன்னேன்: "கட்டாதீங்கம்மா. நான் பிடிச்சுக்கிடுதேன்."

ஐந்து நாள் பிடித்துக்கொண்டேன். பெண்கள் வார்டு ஆகையால் பகல் முழுவதும் நான், பொழுது சாய்ந்தால் இசக்கியம்மாள். மூன்றாம் நாள் மத்தியானம், கட்டுப்போட்ட கண்ணோடு அக்காள் பேசினாள்.

"ஏல நம்பி, இருக்கியா?"

"இருக்கேங்க்கா."

"அன்னைக்கு நான் வழி தெரியாமக் கெணத்துப் பக்கம் போகல. தெரிஞ்சுதான் போனேன்."

பிடித்த கையை நான் விடவில்லை.

"கண்ணு போயிட்டுன்னு சொன்னா, இவ இனி எதுக்குன்னு நெனச்சிருவியளோன்னு பயம். சொல்லாம இருந்தேன், பைத்தியம்னுட்டிய. நீ கயிறு கட்டுனதுகூட எனக்குப் பெருசில்ல. 'அக்கா, ஒனக்கு என்ன செய்யுது'ன்னு ஒரு வார்த்த நீ கேக்கலியே."

நான் அழுதேன். கண்ணீர் அவள் கையில் விழுந்திருக்க வேண்டும். "அழாதல. எனக்கும் அழுக வந்துரும். கட்டு நனையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு" என்றாள்.

கட்டுப் பிரித்தார்கள். மங்கலாக வெளிச்சம் தெரிந்தது. ஆறு வாரம் கழித்துத் தடித்த கண்ணாடி கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டு என்னை நெடுநேரம் பார்த்தாள். "என்னல, இப்படிக் கெழடா ஆயிட்ட" என்றாள். இரண்டு ஆண்டுக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள். அடுத்த வருஷம் மற்றக் கண்ணும் ஆயிற்று. இப்போது தனியாகவே சுரண்டைச் சந்தைக்குப் போய், வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துச் சண்டை போட்டு வாங்குகிறாள். உண்ணுகிறாள், உறங்குகிறாள். இன்று பதினொரு பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் இந்த முகாமுக்கு வந்திருப்பவளும் அவளே. இதையெல்லாம் மேடையில் சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லு. விட்டுட்டுச் சொல்லாத, எல்லாத்தையும் சொல்லு" என்றாள்.

ஆபரேஷன் செய்தால் எல்லாத் துயரமும் ஓடிவிடும் என்று நான் சொல்லவில்லை. சில நாள் இன்றும் அவள் பேசாமல் இருக்கிறாள். சில முதியவரின் வாட்டத்துக்குக் கண் காரணமாக இராது, வேறு நோவு இருக்கும், வேறு வேதனை இருக்கும். அதையும் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும்.

ஆனால், அன்பர்களே, உங்கள் வீட்டில் கோயிலுக்குப் போகாமல் நின்றுவிட்டவர் இல்லையா? தட்டில் சோறு இருக்க, தரையைத் தடவுகிறவர் இல்லையா? மூலையில் ஒடுங்கி, முணுமுணுத்து, முகம் திருப்பிக் கிடப்பவர் இல்லையா? அவருக்கு வயதாகிவிட்டது என்று சொல்லி வாயை மூடாதீர்கள். பைத்தியம் என்று சொல்லிக் கதவை மூடாதீர்கள். இன்றைக்கே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். என்ன செய்கிறது என்று கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்காதீர்கள். நாளை காலை ஆறு மணிக்கு இங்கே பெயர் எழுதுகிறார்கள். கைபிடித்துக் கூட்டி வாருங்கள்.

தன் குற்றத்தைச் சொல்ல வந்தவனுக்குக் காது கொடுத்தீர்கள். தலைவருக்கும், தாய்மார்களுக்கும், கூட்டம் நடத்த இடம் தந்த பள்ளிக்கூடத்தாருக்கும் நன்றி. குற்றாலத்தில் இந்நேரம் யாரோ ஒருத்தியின் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும் இசக்கியம்மாளுக்கு, இங்கிருந்தே என் வணக்கம்.