விளிம்பு சுரண்டாத தோட்டா

புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை எப்படிப் பளிச்சென்று ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை அம்மா, நீங்கள் மதுரைப் பக்கம் என்றீர்கள். போலீஸ் அதிகாரிக்கு மட்டும் இங்கிலீஷில் விளக்கிவிடுங்கள். அமெரிக்கா வந்து ஆறு வருடமாக இர்விங்கில் வேலை பார்க்கிற எனக்கும் இங்கிலீஷ் வரும். இதை மட்டும் தமிழில்தான் ஒழுங்காகச் சொல்ல முடியும் என்றேன். மொழிபெயர்க்க உங்களை வரவழைத்தார்கள்.

சனிக்கிழமை சுடும் மைதானத்தில் சேனாபதியின் துப்பாக்கி அவர் மனைவி நாகமணியின் முகத்தருகே வெடித்தது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணைப் பற்றி டாக்டர்கள் நாளைதான் சொல்வார்கள்.

சேனாபதி ஆபீஸில் எனக்கு மேலே இருப்பவர். தொண்ணூற்றாறில் ஒரு பழைய ராணுவத் துப்பாக்கி வாங்கினார். ஒன்றைச் சுட்டால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. சுட்டபின் விழுகிற பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, மறுபடி வெடிமருந்து நிரப்பிச் சுடலாம். நிரப்புகிற எந்திரம் அவர் கராஜில் இருந்தது. அதற்கான பொறுமை என்னிடம் இருந்தது.

"ஆத்துக்குள்ள துப்பாக்கி வந்தா நான் மெட்ராஸுக்கு டிக்கெட் வாங்கிடுவேன்" என்றாள் என் மனைவி அபயாம்பாள்.

வெறும் கூடு வரலாமா என்று கேட்டேன்.

"பாத்டப்பை நீங்களே தேய்ச்சு அலம்பறதா இருந்தா வரட்டும்."

கூடுகளை பாத்டப்பில் கொட்டிப் புளி போட்டுத் தேய்ப்பேன். ஒவ்வொரு கூட்டின் அடியிலும் மிளகு அளவுக்கு ஒரு குழி உண்டு. ப்ரைமர் என்கிற சின்ன மூடி அதில் உட்காரும். அதைத் தட்டினால்தான் மருந்து பற்றும். பழைய ப்ரைமரைத் தள்ளிவிட்டுக் குழியின் கரியைச் சுரண்ட வேண்டும். ராணுவக் கூடாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. ப்ரைமர் கழன்று விழாமலிருக்கக் குழியின் விளிம்பை உள்பக்கமாக நசுக்கி வைத்திருப்பார்கள். அந்த விளிம்பை வெட்டி எடுக்காவிட்டால் புது ப்ரைமர் முழுதும் உள்ளே போகாது, மயிரிழை அளவு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட தோட்டா சிலசமயம் துப்பாக்கி சரியாகப் பூட்டிக்கொள்ளும் முன்பே வெடிக்கும். முன்னால் போக வேண்டியது பின்னால் வரும்.

இரண்டு வருடத்தில் நாலாயிரம் குழிகளாவது சுரண்டியிருப்பேன். துருத்திய ஒன்றுகூடப் பெட்டிக்குப் போனதில்லை. சேனாபதி ஒன்றைக்கூட விரலால் தடவிப் பார்த்ததில்லை.

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துகளில் பேசுவார். "நம்ம சந்தானம் கை வெச்சா பாத்திரம் அப்படியே மின்னும். அடுத்த ஜென்மத்துல பொண்ணாப் பொறக்கட்டும், நல்ல இடமாப் பாத்துக் கட்டிக் குடுத்துடலாம்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அதில் எனக்கு வருத்தம் இல்லை. போன ஏப்ரலில் மைதானத்தில் ஒரு வெள்ளைக்காரர் அவருடைய இலக்கு அட்டையைப் பார்த்து அசந்துபோய், யார் செய்த தோட்டா என்று கேட்டார். "ஐ லோட் மை ஓன்" என்றார் சேனாபதி, எல்லாம் தானே நிரப்புவதாக. நான் இரண்டடி தள்ளிக் குனிந்து, காலிக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

நாகமணி ஒருத்திதான் கவனித்தாள். "ஏனுங்க சந்தானம், இத்தனையும் நீங்கதான் பண்றீங்க. அவரு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்றதில்ல. நீங்களாச்சும் கேக்கலாமில்லீங்க?" என்றாள். கேட்டு வாங்குகிற மரியாதை மரியாதை இல்லை என்று பட்டது.

அடுத்த முறை நிரப்பியபோது ஒரு கூடு விளிம்பு வெட்டாமல் தவறிப்போனது.

தவறிப்போனது என்று எழுத வேண்டாம். நானே விட்டேன். ப்ரைமரை அழுத்தியபோது கையில் வித்தியாசம் தெரிந்தது, நகத்தால் தடவினேன், தட்டியது. வழக்கமாக அப்படி ஒன்றைத் தனியே எடுத்துவைப்பேன். இதைப் பெட்டியில் மூன்றாவது வரிசையில் ஐந்தாவதாக வைத்தேன். அவரை ஒன்றும் செய்ய நினைக்கவில்லை. என் வேலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது ஒருமுறை அவருக்குத் தெரிந்தால் போதும் என்றிருந்தது. கட்டைவிரலால் ஒரு தடவு தடவியிருந்தால் தெரிந்திருக்கும். அந்த வாய்ப்பை அவருக்குக் கொடுத்திருந்தேன்.

சனிக்கிழமை நாகமணி வருவாள் என்று எனக்குத் தெரியாது. முதல் இரண்டு வரிசையைச் சேனாபதி சுட்டார். மூன்றாவது வரிசையைத் துப்பாக்கியில் ஏற்றியபோது, "நானும் ஒருக்கா சுடறனுங்க" என்றாள் அவள்.

"பயந்து கீழ போட்டுறாத தாயே. சந்தானத்தோட பாத்திரமெல்லாம் நசுங்கிரும்" என்று சொல்லித் துப்பாக்கியை அவள் தோளில் சாய்த்துக் கொடுத்தார்.

நிறுத்துங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அவள் சுடுவதை எண்ணினேன். ஒன்று, இரண்டு. மூன்றாவதற்குப் பிறகு திரும்பி, "சரியாப் பண்றனா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். தலையாட்டினேன். நாலாவது சத்தம் கேட்டதும் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று எனக்குத் தெரியும். நேற்று இந்த அதிகாரியே வீட்டுக்கு வந்து, கவலைப்பட வேண்டாம் என்றார். தோட்டா எல்லாம் தானே செய்ததாகவும், தவறு முழுக்கத் தன்னுடையதே என்றும் சேனாபதி எழுதிக் கொடுத்துவிட்டாராம். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, அழுதுகொண்டே எழுதினாராம். இரண்டு பக்கம். என் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.

அதிகாரி போனதும் அபயாம்பாள் அழுதாள். "உங்க க்ரீன் கார்டு கெட்டுடப்படாதுன்னு எல்லாத்தையும் தன் தலைல போட்டுண்டிருக்கார். கூடப் பொறந்தவா பண்ணுவாளா இப்படி?" என்றாள்.

அவளுக்கு அவரைத் தெரியாது. இரண்டு வருடமாக என் வேலைக்கெல்லாம் அவர் பெயர் வாங்கினார், பேசாமல் இருந்தேன். இதையும் அவர் பெயரில் எழுதிக்கொள்ள விடமாட்டேன். அந்தத் தாளைத் திருத்தச் சொல்லுங்கள் அம்மா. அந்தத் தோட்டாவைச் செய்தவன் நான்.