அரை டம்ளர் டீ

டாக்டர்: இன்னைக்கும் அரை டம்ளர்தானா அண்ணா?

லேப் அண்ணா: பால் தீர்ந்துபோச்சு டாக்டர். பேசாதீங்க, வெள்ளை அணுவை எண்ணிட்டிருக்கேன்... அறுபத்தி மூணு, அறுபத்தி நாலு...

டாக்டர்: அதுல செத்தது எத்தனை?

லேப் அண்ணா: பாத்தீங்களா, விட்டுட்டேன்! மறுபடி ஒண்ணுலேருந்து...

டாக்டர்: ஐயோ!

லேப் அண்ணா: சும்மா சொன்னேன். இது ரெண்டாவது குழாய். ஒண்ணாவது முடிச்சாச்சு, நூத்துக்குப் பதினொண்ணு.

டாக்டர்: எது நோயாளியோட ரத்தம், எது ஒப்பிட்டுப் பாக்க எடுத்த உங்களோடது? தோணறதைச் சொல்லுங்களேன்.

லேப் அண்ணா: எந்தக் குழாய் யாரோடதுன்னு நர்ஸம்மா எழுதி கவர்ல போட்டு ஒட்டி வெச்சிருக்காங்க. நான் என்ன ஜோசியரா? போன வருஷம்னா கண்ணை மூடிட்டுச் சொல்லிருப்பேன். நாலு மணி நேரம் வெச்சுப் பாத்தா, நீங்க சொல்ற அந்த கிட்னி கெட்டுப்போன டீச்சரோட வெள்ளை அணு நூத்துல முப்பத்தஞ்சு செத்துக் கிடக்கும்.

டாக்டர்: கழிவெல்லாம் ரத்தத்துலேயே தங்கினா அதுங்க எப்படிப் பொழைக்கும்?

லேப் அண்ணா: அதுங்களே செத்துட்டா கிருமியோட யாரு மல்லுக்கட்டறது?

டாக்டர்: அதான் ரெண்டு தடவை நிமோனியா வந்து... பொழைச்சதே பெருசு.

லேப் அண்ணா: யாரு?

டாக்டர்: டீச்சர்தான்! வேற யாரு?

லேப் அண்ணா: அதானே. தண்ணிகூட அளந்துதான் குடிக்கணுமாமே, பாவம்.

டாக்டர்: டீ, மோர் எல்லாம் சேத்து ஒரு லிட்டர் தாண்டக்கூடாது. ஆனா டயாலிசிஸ் நேரத்தைக் கூட்டினப்புறம் எட்டு மாசமா காய்ச்சலே இல்ல. ரெண்டு மாசமா எண்ணிக்கையும் நல்லா வருது. இன்னைக்கும் வந்தா வகுப்புக்குப் போகலாம்னு அவங்க டாக்டர் சொல்லிட்டாரு. இல்லன்னா... மறுபடி இந்த மூலையிலேயே உக்காரணும்.

லேப் அண்ணா: எந்த மூலை? என் லேபையா சொல்றீங்க?

டாக்டர்: டீச்சர் வீட்டு மூலையை! நீங்க எண்ணுங்க முதல்ல!

லேப் அண்ணா: நான் ஒண்ணும் கேக்கல... தொண்ணூத்தி எட்டு, தொண்ணூத்தி ஒம்பது, நூறு!

டாக்டர்: எத்தனை?

லேப் அண்ணா: இருங்க, கண்ணாடியைத் தொடைச்சுக்கறேன்.

டாக்டர்: அண்ணா, உயிரை வாங்காதீங்க!

லேப் அண்ணா: பன்னெண்டு.

டாக்டர்: பதினொண்ணு... பன்னெண்டு... ஒண்ணுதானா வித்தியாசம்?

லேப் அண்ணா: ஒண்ணே ஒண்ணு! கவரைப் பிரிங்க. ஏன் இவ்வளவு நேரம்?

டாக்டர்: பசை... ஒட்டிக்கிச்சு... அண்ணா!

லேப் அண்ணா: என்ன, சொல்லுங்க!

டாக்டர்: நோயாளி ஒண்ணாவது குழாய்! பதினொண்ணு!

லேப் அண்ணா: அப்போ பன்னெண்டு நானா? அடேங்கப்பா, டீச்சர் என்னையே முந்திட்டாங்களே!

டாக்டர்: முந்திட்டாங்க அண்ணா! ஜெயிச்சாச்சு... ஜெயிச்சாச்சு!

லேப் அண்ணா: அழுகையா சிரிப்பா, ஏதாவது ஒண்ணை முடிவு பண்ணுங்க. மறுபடி வார்டுக்குப் போட்டுட்டுப் போக உங்க வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டு கதவுக்குப் பின்னாடி மாட்டிருக்கேன்.

டாக்டர்: வார்டு கோட்டா? எனக்கா? நான் டீச்சரைத்தானே... அண்ணா, உங்களுக்கு எப்படி...

லேப் அண்ணா: ஒரு வருஷமா தினமுமா பால் தீர்ந்துபோகும், டீச்சர்?