முகம் பார்க்கும் கம்ப்யூட்டர்

மைக்கேல்ராஜ்: ...அதான் சொல்றேன் ஐரினு, நம்ம வீட்டுப் படத்தையெல்லாம் சேத்து வைக்க அந்த போட்டோபிரிசம் ஆப்பே போதும்.

ஐரின்: ஏங்க, நேத்து காலையில வரைக்கும் இம்மிச்சு ஆப்புதான் வேணும், இம்மிச்சுதான் வேணும்னு குதிச்சீக?

மைக்கேல்ராஜ்: ரெண்டும் ஓசிதான். ஓப்பன் சோர்ஸு. ரெண்டுமே நம்ம பழைய கம்ப்யூட்டர்ல ஓடுது. ஆனா போட்டோபிரிசத்துல நாமளா எடுத்துப் போட்டாத்தான் ஏறும். அதுல ஒரு ஒழுங்கு...

ஐரின்: இம்மிச்சு, போன்ல எடுத்த கையோட தானா ஏத்திக்கிருதே! அத விட்டுட்டு நான் உக்காந்து ஒவ்வொண்ணா போடவா?

மைக்கேல்ராஜ்: எல்லாத்தையும் ஏத்திக்கிருது. அதான் வம்பு.

ஐரின்: அப்படி என்னத்த எடுத்தீக?

மைக்கேல்ராஜ்: சே... பொதுவாச் சொன்னேன்.

ஐரின்: முழிக்கிற முழியே சரியில்லையே. விபூதி புதன் அன்னைக்குப் பேசுனது ஞாபகம் இருக்குல்ல? ஈஸ்டர் வரைக்கும் கறி கிடையாது. தொட்டவுக அதுவரைக்கும் வீட்டுப் பாத்திரம் அம்புட்டும் கழுவணும்.

மைக்கேல்ராஜ்: இருக்கு, இருக்கு. நீ எப்படி?

ஐரின்: நான் கறிக்கடை இருக்குற தெருப்பக்கமே போகல. சரி, இம்மிச்சுதான் மூஞ்சி பாத்து ஆளாளுக்குப் படத்தப் பிரிச்சு வைக்குதே, அதுல எம் மூஞ்சியத் தட்டுங்க. எனக்குன்னு எம்புட்டு படம் பிரிச்சு வச்சிருக்குன்னு பாப்போம்.

மைக்கேல்ராஜ்: இந்தா... கல்யாணம்... வேளாங்கண்ணி... உன் தங்கச்சி வளைகாப்பு... ஐயையோ, போதும், மூடிடுறேன்!

ஐரின்: கைய எடுங்க! ...இதென்ன, சிம்மக்கல் மெஸ்ஸு? நேத்து மத்தியானம்? உங்க செல்ஃபி... இலையில கறிதோசை!

மைக்கேல்ராஜ்: நம்ம கூட்டாளி அழகுராஜாதான் வா மாப்ள, வா மாப்ளன்னு இழுத்துட்டுப் போனான்... ஒரே ஒரு தோசை...

ஐரின்: மாட்டுனீகளா! நார எடுங்க, சோப்ப எடுங்க... குழம்புச் சட்டி வேற அடிப்பிடிச்சுக் கிடக்கு!

மைக்கேல்ராஜ்: இரு, இரு... இது எம் படம்தானே?

ஐரின்: பின்னே?

மைக்கேல்ராஜ்: நாம தட்டுனது உன் மூஞ்சிய. எம் படம் அதுக்குள்ள எப்படி வந்துச்சு?

ஐரின்: ...மெஷினுதானே. ஆளு தெரியாம...

மைக்கேல்ராஜ்: பெருசாக்குறேன் இரு. என் தோளுக்குப் பின்னால... அந்த மேசையில... மஞ்சச் சேலை! பக்கத்துல உங்க ஸ்கூல் ரோகிணி டீச்சரு! நேத்து ஸ்கூல்ல மீட்டிங்குன்னு சொன்னியே... அடிப்பாவி, அம்புட்டுப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு என்னையப் பாக்கவே இல்லையா?

ஐரின்: நல்லி எலும்ப உறிஞ்சுறப்ப எவ கண்ணத் தொறப்பா? ...சரி வாங்க, நீங்க தேய்ங்க, நான் கழுவுறேன்.