ஹசில்னா என்னடா?

— கையெழுத்துப் போட மாட்டேன்டா. பேனாவை உன் பாக்கெட்லயே வெச்சுக்கோ.

— மெல்லப் பேசுக்கா, பக்கத்து ரூம்ல மேனேஜர் இருக்காரு. ஒரே வரிதான். பெட்டி ஒட்டற மெஷினோட பாதுகாப்புக் கவரை அந்தப் பொண்ணே கழட்டினா, அதான் விரல் மாட்டுச்சுன்னு. நீ அதே மெஷின்ல அவகூட வேலை பாக்கறவ, சாட்சி.

— போட்டா அவளுக்கு என்ன ஆகும்?

— வேலை போகும். வைத்தியத்துக்கும் கம்பெனி பொறுப்பு இல்ல. நான் என்ன பண்ண? சூப்பர்வைசர்னா மேல பதில் சொல்லணும்ல.

— ரெண்டு விரல் போய் ஆஸ்பத்திரியில கிடக்கா. இங்க அந்த மெஷினுக்கு மேல சுவத்துல என்னடா எழுதி வெச்சிருக்கே?

— ஹசில்.

— அப்படின்னா?

— சுறுசுறுப்பு. ஓடி ஓடி உழைக்கறது. நான் தேடிப் பிடிச்ச வார்த்தைக்கா. மீட்டிங்ல கை தட்டினாங்க.

— தட்டுவாங்க. உன் பொண்ணோட பெரிய இங்கிலீஷ் டிக்ஷனரியில பாத்தேன். டச்சுக்காரன் பேச்சுலேர்ந்து வந்துச்சாம். முதல்ல குலுக்கறது, தொப்பியில காசைப் போட்டுக் குலுக்கற மாதிரி. அப்புறம் ஆளைப் பிடிச்சு நெட்டித் தள்றது. ஏமாத்திப் பிடுங்கறதுக்கும் அதே வார்த்தைதான். உழைப்பெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது.

— அந்தக் காலத்து அர்த்தத்தை இப்ப யாருக்கா பாக்கறா?

— நாங்க பாக்கறோம்டா, தினமும். யாரு கம்மியா பெட்டி போட்டாளோ சாயங்காலம் அவ பேரு பலகையில சிவப்புல. இது உழைப்பா, நெட்டித் தள்றதா?

— எல்லாரும் எனக்கு ஒண்ணுதான். கூடப் பொறந்தவன்னு உன்னை விட்டேனா? நேத்து உன் பேரும் இருந்துச்சு.

— இருந்துச்சு. போற வர்றவ எல்லாம் பாத்துச் சிரிச்சா.

— அப்ப என் மேல இருக்கற கோபத்துக்கு அவளுக்கு வக்காலத்து வாங்கறே. கவர் இருந்தா ஒவ்வொரு பெட்டிக்கும் தூக்கி இறக்கணும், லேட்டாகும். அதான் ஸ்க்ரூவைக் கழட்டியிருக்கா.

— அவ தொடவே இல்ல.

— நீ பாத்தியா?

— பாக்கறதென்ன? இன்னிக்கும் என் பேரு சிவப்புல வரக்கூடாதுன்னு காலையில முதல் ஆளா வந்து நான்தான்டா கழட்டினேன். டீ நேரமாச்சு, என் இடத்துல நில்லுடின்னு அவளை நிறுத்திட்டு டீக்குப் போனேன். கவர் இல்லன்னு அவகிட்ட சொல்லல. அந்தத் தாளைக் கொண்டா. அவ பேரை அடிச்சுட்டு என் பேரை எழுது, கையெழுத்துப் போடறேன்.