கல்முனை கோல்கீப்பரின் கல்யாணம்

கல்முனையிலிருந்து ஒலுவில் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகும் பஸ். முன் சீட்டில் உதைபந்தாட்ட நண்பர்கள் இருவர். ஒருவர் கோல்கீப்பர், ஒலுவிலில் கல்யாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியேறப் போகிறவர்.

“கல்யாணம் முடிச்ச மறுகா ஒலுவில் டீமுக்கா விளையாடுவாய், மச்சான்? நமக்கு வேற கீப்பர் இல்ல.”

“உலகக் கிண்ணத்துலயே ஒரு நாட்டுக்கு விளையாடினவன் லேசில மத்த நாட்டுக்கு மாற ஏலா. நான் கல்முனைதான்.”

“ஒனக்கு மகன் பிறந்தா?”

“மூத்தப்பா பிறந்த நாட்டுக்கும் விளையாடலாம். அவனுக்கு மூத்தப்பா என்ட வாப்பா, கல்முனை. அவனும் நமக்குத்தான்.”

“ஒன்ட மாமனாரும் அவனுக்கு மூத்தப்பாதானே? அவர் ஒலுவில்.”

கோல்கீப்பர் ஜன்னல் பக்கம் திரும்பினார். நண்பர் விடவில்லை.

“சரி, மகள் பிறந்தா?”

“அவளுக்கென்ன மச்சான், ஊர் மாறவே தேவல்ல. நாமதானே மாறுற.”