கூவும் பெட்டிக்கு ஒரு சாட்சி

— 'கூவுற பெட்டி'ன்னு சொல்லாதீங்கக்கா. நாளைக்கு அந்த அதிகாரி முன்னால 'பாடப் பெட்டி'ன்னு சொல்லுங்க. தந்தி அடிக்கப் பழகுற பிள்ளைங்களுக்காகச் செஞ்ச பெட்டி. உங்க வாயில அது வந்தாத்தான் என் வீட்டுக்காரரு வீடு திரும்புவாரு.

— பாடமோ பாட்டோ, கூவுச்சா இல்லையா சந்திரா? நம்ம காஜா பெராங் தெரு முழுக்கக் கூவுச்சு. எங்க வீட்டுச் சேவல் ரோசப்பட்டு வாயையே மூடிக்கிச்சு.

— சிரிக்கிற நேரமா இது? எதிரிக்கு ரகசியமா சேதி அனுப்புற பெட்டின்னு சொல்லி, வெள்ளிக்கிழமை மாத்தாமாத்தா போலீசுக்காரங்க வந்து அவரை அடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. உஜோங் பாசிர் கிராணியார் என்ன ஆனாரு, மறந்துட்டீங்களா?

— அது வேற கதைடி. அந்த ஆளு திருட்டு ரேடியோவுல வெள்ளைக்காரன் சேதி கேட்டாரு, ஜப்பான்காரன் தலையை வாங்கிட்டான். உன் வீட்டுக்காரரு அப்படியா? உத்தரவு வந்த அன்னிக்கே, நம்ம தெரு ரேடியோ எல்லாத்துலயும் வெளிதேசம் பிடிக்கிற கம்பிச் சுருளைத் தன் கையாலயே வெட்டி எடுத்த ரிப்பேர்காரரு. கருணாகரன்னா எறும்புக்கும் வழி விடுற மனுசன்னு ஊருக்கே தெரியும்.

— ஊருக்குத் தெரிஞ்சு என்ன? வீட்டைக் கிளறினவங்களுக்கு அந்தப் பெட்டி ஒண்ணுதான் சிக்குச்சு. வெறும் சத்தப் பெட்டின்னு நம்பிட்டா விட்டுருவாங்க. செய்யச் சொன்ன சுதந்திரச் சங்கத்து வாத்தியாரு சேதுபதி, அவங்க படையோட பர்மாவுக்குப் போயிட்டாரு. நான் அப்ப புக்கிட் ரம்பாய்ல மரவள்ளி நட்டுக்கிட்டு இருந்தேன். அது உருவானதைப் பாத்தது நீங்க ஒருத்தர்தான். எங்கிட்ட ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க.

— வேலியோரமா கீரை பறிச்சேன், கண்ணு தானா அங்க போச்சு. கேளுலா. சங்கத்துல இருந்த பழைய கருவி வண்டு மாதிரி இரைஞ்சுது, பிள்ளைங்களுக்குத் தலைவலி வந்துச்சு. ஏறாம இறங்காம, புல்லாங்குழல்ல ஒரே ஒரு ஓட்டையை ஊதுற மாதிரி சத்தம் வேணும்னாரு சேதுபதி. உன் வீட்டுக்காரரு தாளை விரிச்சு வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு போட்டாரு. கடல் அலையாம். அலையோட தலை தட்டையாயிட்டா சத்தம் கரகரங்குமாம். நான் கோலம்னு நினைச்சேன். சாமானுக்கு எங்க போறது? செத்துப்போன ரேடியோவுலேருந்து ரெண்டு வால்வு. தேயிலைப் பெட்டி ஈயத்தாளையும் மெழுகுத்தாளையும் சேத்துச் சுருட்டி கண்டென்சர். பென்சிலைப் பிளந்து கரிக்குச்சியை எடுத்து ரெசிஸ்டர். தெருவுல ஒரு வீட்டுலயும் பென்சில் மிச்சம் வைக்கல.

— நல்லாருக்கு. இதை அப்படியே சொல்லுங்க.

— முதல் வால்வு சத்தத்தை வளத்து ரெண்டாவதுக்குக் கொடுக்கும், ரெண்டாவது அதைத் திருப்பி முதலுக்கே ஊட்டும்னாரு. கொஞ்சம் கூட ஊட்டினா பன்னியை அறுக்கிற மாதிரி அலறும். கொஞ்சம் குறைஞ்சா முனகி முனகி அடங்கிடும். ஒண்ணு பன்னி, இல்லேன்னா சாவு, இப்படியே நாளு போச்சு. அப்புறம்தான் உங்க சாமி படத்துக்கு முன்னால இருந்த சின்ன பல்பைக் கழட்டினாரு.

— சாமி பல்பையா?

— நீ ஊர்ல இல்லாத தைரியம். அது வெளிச்சத்துக்கு இல்லையாம், சூடாகிறதுக்காம். சத்தம் ஏறினா பல்பு சூடாகி அடக்கும். இறங்கினா ஆறிப்போயி விட்டுக்கொடுக்கும். மாமியார்னு சொல்லிட்டுப் போங்கன்னேன், சிரிச்சாரு. அன்னிக்கு மத்தியானம் கூவுச்சு பாரு, எண்ணெய் ஒழுகின மாதிரி ஒரு பிசிறு கிடையாது. மழை பேஞ்சா மட்டும் பென்சில் கரி ஈரம் குடிச்சு சுருதி நழுவும்.

— சேதுபதி போனப்புறம் வகுப்பே இல்லையே, பெட்டி ஏன் தினமும் கூவுச்சுன்னு கேப்பாங்க.

— நானே கேட்டேனே அதை. சுருதி இன்னும் நிக்கலைன்னாரு. மத்தியானச் சோறு முடிஞ்சதும் முடுக்கி விட்டுருவாரு. அந்த நேரத்துல உங்க வீட்டுக்குள்ள இடி விழுந்தாலும் வெளிய கேக்காது.

— இடி வேண்டாம்க்கா. சுருதி சேக்கத்தான் கூவுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. கூரையில கம்பி கிம்பி ஏதாவது போச்சான்னு கேட்டா?

— பூனையைத் தவிர எதுவும் உங்க கூரையில ஏறல. கொடியில தொங்குனது என் சேலை.

— அது போதும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, கூட ஒரு வார்த்தை வேண்டாம். காலையில நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.

— நாளைக்கா? நீ பாவம் அழுதுக்கிட்டு இருக்கியேன்னு இன்னிக்குக் காலையிலேயே அந்த அதிகாரி இருக்கிற பண்டார் ஹிலிருக்குப் போயிட்டு வந்துட்டேன்லா.

— தனியாவா? என்னைக் கேக்காமலா?

— அட, பதறாதே. நாற்காலி போட்டாங்க, தேத்தண்ணி கொடுத்தாங்க. தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் நான் சொல்லச் சொல்ல ஜப்பான் பாஷையில சொன்னாரு. வால்வு, பென்சில், மாமியார் பல்பு, கொடியில சேலை, ஒண்ணு விடல. பள்ளிக்கூடச் சாமானுக்கா இந்த மனுசனை அடிச்சீங்கன்னு அதிகாரி ஆளுங்களைத் திட்டினாரு. விடுதலைக்குக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துட்டாரு.

— நிஜமாவா அக்கா? அத்தோட எழுந்து வந்துட்டீங்கல்ல?

— எழுந்துட்டேன். வாசல் வரைக்கும் வந்தப்புறம், நல்ல மனுசனாச்சே, அவரைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போவோமேன்னு திரும்பினேன்.

— என்ன சொன்னீங்க?

— பெட்டியைத் தெருப்பக்கம் கூவ விட்டுட்டு, உன் வீட்டுக்காரரு உள்ரூம்புல காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, அந்தக் கூவல்கூடக் காதுல விழாம கண்ணை மூடி உக்காந்திருப்பாரு, அப்படி ஒரு சிரத்தைன்னேன். அதிகாரி பேனாவைக் கீழ வச்சுட்டு, இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்கன்னாரு.